திருநெல்வேலிப் பக்கத்துப் பேச்சைச் சேகரிப்பது எப்படி

நெல் புடைக்கும் தட்டைக் கையில் எடுத்துக் காட்டி "இது என்ன ஆச்சி?" என்று கேட்டால் அம்பாசமுத்திரம் பக்கத்தில் "சொளவு" என்று பதில் வரும். அதே ஆச்சியிடம் "முறத்தை இங்க எப்படிச் சொல்லுவீங்க?" என்று கேட்டால் "முறம்னுதான் சொல்லுவோம்" என்று சொல்லிவிடக்கூடும். கேட்டவர் படித்தவர், அவர் வாயில் வந்த சொல்தான் சரியான சொல் என்று நினைத்து நம் சொல்லையே நமக்குத் திருப்பித் தருவார்கள். வட்டார வழக்குத் திரட்டுகள் பலவும் கெடுவது இந்த இடத்தில்தான். வேலைக்கு நடுவில், ஒருவர் இன்னொருவரிடம் பேசும்போது வருகிற சொல்தான் நமக்கு வேண்டும். அதை அது இருந்த வாக்கியத்தோடு எடுத்துவரும் முறையைக் கீழே சொல்கிறோம். கல்லூரி மாணவர் குழுவும் இதைச் செய்யலாம், சொந்த வீட்டுப் பெரியவர்களின் பேச்சைக் காப்பாற்ற நினைக்கும் ஒருவரும் செய்யலாம்.

எந்த ஊர், யாரிடம்

நெல்லைத் தமிழ் என்று ஒரே பேச்சு கிடையாது. தாமிரபரணியில் கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள் இருக்கின்றன. அவற்றின் கால்வாய்கள் பாயும் ஊர்களில் கார், பிசானம் என்ற இரண்டு போகத்தைச் சுற்றிப் பேச்சு வளர்ந்திருக்கிறது. குளம் நிரம்பி மறுகால் போவதும் (உபரித் தண்ணீர் வழிவதும்) தொழி அடிப்பதும் (வயலை உழுது சேறாக்குவதும்) பொலி தூற்றுவதும் (அடித்த நெல்லைக் காற்றில் தூற்றுவதும்) அங்கே கிடைக்கும். மானூர், கங்கைகொண்டான் தாண்டி வடக்கே போனால் மானாவாரி. கரிசல் பேச்சின் வாடை வந்துவிடும். தென்கிழக்கே திசையன்விளை, உடன்குடிப் பக்கம் தேரிக்காடு என்ற செம்மணல் மேடுகளும் பனையும். உவரி, இடிந்தகரை, கூட்டப்புளி கடற்கரையில் காற்றுக்கே தனித்தனிப் பெயர்கள் உண்டு: மேற்கிலிருந்து வந்தால் கச்சான், கிழக்கிலிருந்து வந்தால் கொண்டல். வள்ளியூர், ராதாபுரம் தாண்டினால் நாஞ்சில் நாட்டுப் பேச்சு கலக்கத் தொடங்கும். மேலப்பாளையம், டவுன், பாளையங்கோட்டை மூன்றும் அடுத்தடுத்து இருந்தாலும் வீட்டுக்குள் பேசும் சொற்கள் வேறு. பாபநாசம் மலையிலுள்ள காணி மக்களின் பேச்சைத் தனி வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். அதை இதற்குள் சேர்த்தால் இரண்டுமே அரைகுறையாகும்.

ஆகவே முதல் முடிவு: ஒரு பகுதி, ஒரு தொழில். நான்கு பேர் கொண்ட குழுவுக்கு இரண்டு மாதத்தில் இரண்டு ஊர் போதும். ஊருக்கு ஆறு பேர். அறுபது தாண்டியவர் இருவர், நாற்பதை ஒட்டியவர் இருவர், இருபத்தைந்துக்குக் கீழ் இருவர். ஒவ்வொரு வயதிலும் ஓர் ஆண், ஒரு பெண். இளையவர்களை விட்டுவிடுவது பரவலான தவறு. எந்தச் சொல் அடுத்த தலைமுறைக்கு வந்திருக்கிறது, எது ஆச்சியோடு நிற்கிறது என்பது அவர்கள் இல்லாமல் தெரியாது.

பேசுபவரைப் பற்றிய குறிப்பில் பெயர் வேண்டாம், எண் போதும். பிறந்த ஆண்டு, பிறந்த ஊர், தாயின் ஊர், இப்போதைய ஊரில் எத்தனை ஆண்டு, செய்த தொழில், எத்தனை ஆண்டு வெளியூரில் இருந்தார் ஆகியவை கட்டாயம். கல்யாணம் ஆகி வந்த பெண்களிடம் பிறந்த ஊரைக் கேட்காமல் விட்டால், களக்காட்டுச் சொல் சேரன்மகாதேவிச் சொல்லாகப் பதிவாகிவிடும். மாவட்டத்தை மட்டும் எழுதுவது பயன்படாது. 1986இல் தூத்துக்குடியும் 2019இல் தென்காசியும் தனி மாவட்டங்களாகப் பிரிந்தன. அதற்கு முந்தைய குறிப்புகளில் ‘திருநெல்வேலி’ என்றால் சங்கரன்கோவிலும் இருக்கலாம், திருச்செந்தூரும் இருக்கலாம். ஊர்ப்பெயரையும் வட்டத்தையும் எழுதுங்கள்.

நேரத்தைத் தொழிலை வைத்துத் தீர்மானிக்க வேண்டும். பனையேறுபவர் காலையிலும் மாலையிலும் மரத்தில் இருப்பார், நண்பகலில் போகலாம். பதனீர்க் காலத்தில் போனால் முருக்குத்தடி, கடிப்பு, பாளை அரிவாள், கலயம் எல்லாம் கண்முன்னே இருக்கும், பெயர் தானாக வரும். மழைக்காலத்தில் போனால் நினைவிலிருந்து எடுத்துச் சொல்லும் பட்டியல்தான் கிடைக்கும். பீடி சுற்றும் பெண்களிடம் வேலை நேரத்திலேயே பேசலாம். கை ஓடிக்கொண்டிருக்கும், பேச்சும் இயல்பாக இருக்கும். கடற்கரை ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகமாட்டார்கள். வலை பழுதுபார்க்கும் நேரமும் நல்லது. யாருடைய கூலி நேரத்தையும் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பதிவுக் கருவி

கைபேசி போதும். ஆனால் அதிலுள்ள பதிவுச் செயலியின் அமைப்பை மாற்ற வேண்டும். ‘வேவ்’ வடிவம், 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், ஒற்றைத் தடம். நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 எம்.பி. பிடிக்கும், ஒரு மணி நேரத்துக்கு 300 எம்.பி.க்குச் சற்றுக் கூடுதல். அளவுக்கு மீறிச் சுருக்கிய வடிவங்களில் உயர் அதிர்வெண் ஒலிகள் கழிந்துபோகும். ‘ச’ எப்படி ஒலித்தது என்பது பிறகு எத்தனை தடவை கேட்டாலும் பிடிபடாது. இரைச்சலைத் தானாகக் குறைக்கும் வசதி இருந்தால் அதை அணைத்துவிடுங்கள். அது சொல்லின் கடைசி ஒலியையும் சேர்த்து வெட்டும், தமிழ்ப் பேச்சில் பாதி விஷயம் கடைசி ஒலியில்தான் இருக்கிறது.

சட்டையில் குத்தும் சிறு ஒலிவாங்கி இருந்தால் மோவாய்க்குக் கீழே ஒரு சாண் இறக்கிக் குத்தவும். சேலைத் தலைப்பு அதன்மேல் உரசாமல் பார்க்கவும். மின்விசிறியை நிறுத்தச் சொல்வது கோடையில் நியாயமில்லை. தார்சாவிலோ (வீட்டின் முன்தாழ்வாரம்) வேப்பமரத்தடியிலோ உட்கார்ந்துகொள்ளலாம். முதல் அரை நிமிடத்தில் தேதி, ஊர், பேசுபவர் எண் ஆகியவற்றை நீங்களே சொல்லிப் பதியுங்கள். கோப்பின் பெயர் மாறிப்போனாலும் உள்ளே அடையாளம் இருக்கும்.

அனுமதியைப் பதிவுக்கு முன்னால் கேட்க வேண்டும்: எதற்காக, யார் கேட்பார்கள், எங்கே இருக்கும். முடிந்ததும் இன்னொரு முறை கேளுங்கள். பேச்சு வேகத்தில் பக்கத்து வீட்டுச் சண்டையைச் சொல்லியிருப்பார்கள். அந்தப் பகுதியை அழிக்கச் சொன்னால் அவர் கண்முன்னாலேயே அழித்துவிட வேண்டும்.

கேட்கும் முறை

ஒலிவாங்கியைப் பார்த்ததும் பேச்சு மாறிவிடும். தொலைக்காட்சித் தமிழோ மேடைத் தமிழோ வரும். முதல் கால்மணி நேரத்தை அதற்காகவே ஒதுக்கிவிடுங்கள். அதில் வந்த சொல்லைக் கணக்கில் எடுக்காதீர்கள். மாறாத பேச்சு வேண்டுமானால் இரண்டு பேரை உட்கார வைத்து அவர்களுக்குள் பேசவிடுவதே வழி. மைனியும் கொழுந்தியாளும், இரண்டு கூட்டாளிகள், ஆச்சியும் பேத்தியும். நீங்கள் ஒரு பொருளைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ளுங்கள்: "உளுந்தஞ்சோறு எப்படிச் செய்யணும்னு இவளுக்குச் சொல்லிக் குடுங்க." சோற்றுக்கு எது வெஞ்சனம், எது தொடுகறி, மறுவீட்டுச் சாப்பாட்டில் சொதிக்குத் தேங்காய்ப்பால் எத்தனை முறை பிழிவது என்று ஒருவர் சொல்வதை இன்னொருவர் மறுக்கும்போது சொற்கள் கொட்டும்.

வீட்டுச் சொற்களுக்கு நடந்துகொண்டே கேட்பது நல்லது. தெருவிலிருந்து தொடங்குங்கள்: முடுக்கு, வளவு, நடை, தார்சா, பட்டாசல், அடுக்களை, மச்சு, தட்டட்டி, புறவாசல். அந்தந்த இடத்தில் நின்று "இங்க என்ன செய்வீங்க?" என்று மட்டும் கேட்டால் போதும். பெயரும் வரும், அந்த இடத்தில் புழங்கும் சாமான்களும் வரும். சொளவு, கடாப்பெட்டி, சருவம், கும்பா, வாரியல். உட்கார்ந்த இடத்தில் பட்டியல் வாசித்தால் இதில் பாதிகூட வராது.

ஒரு சொல் கிடைத்ததும் அதன் எல்லையைக் கேட்க வேண்டும், இதைச் செய்பவர்கள் மிகக் குறைவு. மூன்று அளவுப் பாத்திரங்களைக் காட்டி எதுவரை அந்தப் பெயர், எங்கே வேறு பெயர் தொடங்குகிறது என்று கேளுங்கள். ‘சர்க்கரை’ என்று சொன்னால் கடையில் எதைக் கொடுப்பார்கள், ‘சீனி’ என்றால் எதை? ‘மிளகு’ என்றால் போதுமா, ‘நல்ல மிளகு’ என்று சொல்ல வேண்டுமா? ‘சாரம்’ என்றால் கொத்தனார் ஏறி நிற்கக் கட்டுவதா, இடுப்பில் உடுத்தும் கைலியா, இரண்டுமா? ‘ஒரு கோட்டை’ என்று அளவு சொன்னபோது நெல்லைச் சொன்னாரா, அந்த நெல்லை விதைக்கப் போதுமான நிலத்தைச் சொன்னாரா? இந்தக் கேள்விகள் இல்லாமல் எழுதிய பொருள்விளக்கம் பிறகு யாருக்கும் உதவாது.

வினைச்சொல்லுக்கு வேறு உத்தி. நிகழ்காலம் இங்கே தனி அழகு கொண்டது: சொல்லுதேன், எழுதுதான், செய்யுதாக, ஆனால் படிக்கேன், நடக்கான், பாக்காக. ‘வாரேன்’, ‘போறேன்’ இரண்டும் வேறு தடத்தில் போகும். "நீங்க ‘சொல்லுதேன்’னு சொல்லுவீங்களா?" என்று கேட்டால் ஒருவர் வெட்கப்பட்டு இல்லை என்பார், அடுத்த நிமிடம் அதையே சொல்வார். தெருவில் நடப்பதைக் காட்டி "அவர் என்ன பண்றார், பின்னாடி வர்ற பிள்ளை என்ன பண்ணுது" என்று விவரிக்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிடத்தில் இருபது நிகழ்கால வினை கிடைக்கும். மறதியைச் சொல்ல ‘அயத்துட்டேன்’, மெதுவாக என்பதற்கு ‘பைய’, சீக்கிரமே என்பதற்கு ‘வெள்ளன’ போன்றவை இப்படிப் பேச்சோடு பேச்சாகத்தான் வந்து விழும். ‘வந்துட்டாம்லா’ என்பதில் கடைசியில் ஒட்டிய ‘லா’வை எந்தக் கேள்வியாலும் வரவழைக்க முடியாது. ‘எடுத்துக்கிடு’, ‘பாத்துக்கிடுதேன்’ என்பதில் வரும் ‘கிடு’வும் அப்படியே.

ஓர் அமர்வு நாற்பத்தைந்து நிமிடத்தைத் தாண்டக் கூடாது. அதற்குமேல் பேசுபவர் களைத்துவிடுவார், ‘ஆமாம், அப்படித்தான்’ என்று எதற்கும் தலையாட்டத் தொடங்குவார். முப்பது புதுச்சொல் வந்தால் அது நிறைவான அமர்வு.

விளிப்பும் மரியாதையும்

இந்தப் பகுதிக்கு மிகுந்த நேரம் கொடுங்கள். திருநெல்வேலிப் பேச்சின் நுட்பம் இங்கேதான் குவிந்து கிடக்கிறது. ‘நீ’, ‘நீங்க’ என்ற இரண்டு படிக்கு நடுவே இங்கே ‘நீரு’ உண்டு. "என்னலே செய்யுத?" என்பது வயதில் இளையவனிடமோ நெருங்கிய கூட்டாளியிடமோ. "என்னவே, சாப்பிட்டீரா? வாரும், இரும்" என்பது சம வயது ஆண்களுக்குள், மதிப்பும் உரிமையும் கலந்தது. "வாங்க அண்ணாச்சி" என்பது அண்ணனுக்கும் உண்டு, கடைக்காரருக்கும் உண்டு. பெண்களுக்கு ‘ஏளா’, ‘ஏட்டி’. பேரனை ஆச்சி ‘எய்யா’ என்று கூப்பிடுவார். அங்கே இல்லாத மூத்தவரைப் பற்றிப் பேசும்போது ஓர் ஊரில் ‘அவுக வந்தாக’, இன்னோர் ஊரில் ‘அவிய வந்தாவ’.

இவற்றைச் சொற்பட்டியலாக எழுதினால் ஒன்றுமே புரியாது. கட்டம் போடுங்கள். இடப்பக்கம் கூப்பிடுபவர், மேலே கூப்பிடப்படுபவர்: கணவன், மனைவி, மாமியார், மைனி, தம்பி, மருமகன், சக வேலைக்காரர், கடைக்காரர், வாத்தியார், ஊர்ப் பெரியவர். ஒவ்வொரு கட்டத்திலும் மூன்று விவரம் வேண்டும். எதிரே இருக்கும்போது கூப்பிடும் சொல், இல்லாதபோது குறிப்பிடும் சொல், அதற்கு ஒத்து வரும் வினைமுற்று. மூன்றாவதை விட்டுவிட்டால் ‘நீரு’வுக்கு ‘வந்தீரு’ என்று முடிவதும், ‘வே’ ஒட்டும்போது ‘லே’ ஒட்டாது என்பதும் பதிவாகாமல் போகும்.

எளிதாக வரவழைக்க, வீட்டிலிருந்து ஓர் உறவினருக்குத் தொலைபேசியில் பேசச் சொல்லி, இருபக்கச் சம்மதத்தோடு பதியலாம். முதல் பத்து விநாடியிலேயே விளிப்பு, நலம் விசாரிப்பு, மரியாதைப் படி எல்லாம் வந்துவிடும்.

‘சவம்’, ‘மூதி’, ‘கோட்டிப்பய’ போன்றவை வசவாகவும் வரும், செல்லமாகவும் வரும். பதிவிலிருந்து அவற்றைக் கழித்துவிடாதீர்கள். யார் யாரிடம், சிரித்துக்கொண்டா கோபத்திலா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். உறவுமுறைச் சொற்கள் வீட்டுக்கு வீடு, சமூகத்துக்குச் சமூகம் வேறுபடும். ஒரு வீட்டில் கேட்டதை வைத்து ‘இது இந்தச் சாதிச் சொல்’ என்று முத்திரை குத்திவிட்டால் அந்தப் பிழை அடுத்த பத்து நூலுக்குப் பரவும். நான்கைந்து வீடுகளிலாவது கேட்காமல் அப்படி எழுதவே கூடாது.

எழுத்தில் கொண்டுவருதல்

ஒரு மணி நேரப் பதிவை ஒழுங்காக எழுத எட்டு முதல் பத்து மணி நேரம் ஆகும். இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டு பதிவு செய்யுங்கள். ஐம்பது மணி நேரம் பதிந்துவிட்டு எழுதாமல் கிடப்பதைவிட ஆறு மணி நேரம் பதிந்து முழுதாக எழுதுவது மேல். பேச்சைத் துண்டுதுண்டாகக் கேட்டு நேரக் குறியோடு எழுத ‘ஈலான்’ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. நெதர்லாந்திலுள்ள மாக்ஸ் பிளாங்க் உளமொழியியல் நிறுவனம் உருவாக்கியது. பதிவை வெட்டவும் ஒலியைக் கூட்டவும் ‘ஆடாசிட்டி’ போதும்.

ஒவ்வொரு வாக்கியத்துக்கும் இரண்டு வரி. முதல் வரியில் காதில் விழுந்தபடி, இரண்டாவதில் எழுத்துத் தமிழில். "நேத்து கொளம் மறுகா போச்சுலா" என்பதை முதல் வரியிலேயே ‘நேற்று குளம்’ என்று திருத்திவிட்டால், பதிவு செய்ததே வீண். அதேபோல எழுதுபவர் தன் ஊர்க் காதோடு கேட்டுத் தன் ஊர்ச்சொல்லாக எழுதிவிடுவதும் நடக்கும். ஆகவே எழுதியதை இன்னொருவர் ஒலியோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும், அவர் அதே ஊர்க்காரராக இருந்தால் நல்லது.

தமிழ் எழுத்துக்குள் அடங்காத ஒலிகளுக்குக் குறி வைத்துக்கொள்ளுங்கள். ‘அவன் வந்தான்’ என்பதில் கடைசி ‘ன்’ மெய்யாக ஒலிக்காது. முந்தைய உயிர் மூக்கொலியாகிவிடும். அதற்கு எழுத்தின் பின்னால் ஓர் அலைக்கோடு போடலாம்: வந்தா~. ‘மலை’ என்பதன் இறுதி ‘மல’ என்றா ‘மலெ’ என்றா என்பதைப் பார்த்து எழுதுங்கள். ‘ழ’ எங்கே ‘ழ’வாக இருக்கிறது, எங்கே ‘ள’வாகிறது என்பதை ஒரே ஆளிடமும் சொல்லுக்குச் சொல் பார்க்க வேண்டும். ‘பழம்’ ஒருவிதமாகவும் ‘கோழி’ வேறுவிதமாகவும் வரலாம். குறிகளின் விளக்கத்தை முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள், நடுவில் மாற்றாதீர்கள்.

தட்டச்சில் ஒரு மறைந்த சிக்கல் இருக்கிறது. ‘கொ’ என்பதில் உள்ள உயிர்க்குறியை ஒரே குறியாகவும் உள்ளிடலாம், கொம்பையும் காலையும் தனித்தனியாகவும் உள்ளிடலாம். கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும், தேடினால் சில மென்பொருளில் கிடைக்காது. ‘ஔ’வுக்குப் பதில் ‘ஒ’வும் ‘ள’வும் அடிப்பதும் அப்படித்தான். குழு முழுவதும் ஒரே விசைப்பலகையைப் பயன்படுத்தினால் இது வராது. கோப்புப் பெயர்களுக்குத் தேதியும் எண்ணும் போதும்: 2025-02-14-03 என்பது போல, ஆண்டு முதலில். வரிசை தானாக அமையும்.

சொல்லட்டையில் தலைச்சொல், ஒலித்த வடிவம், பொருள், அது வந்த முழு வாக்கியம், பேசியவர் எண், கோப்பு எண், நிமிடம், உறுதி செய்த இரண்டாவது ஆள் ஆகியவை இருக்க வேண்டும். வாக்கியம் இல்லாத அட்டையைச் சேர்க்காதீர்கள்.

சரிபார்த்தல்

வேறு வீட்டைச் சேர்ந்த, முதலாமவர் சொன்னதைக் கேட்டிராத இன்னொருவர் அதே சொல்லைத் தானாகச் சொன்னால்தான் அது ஊர்ச்சொல். நம்மை மகிழ்விக்க அபூர்வச் சொற்களை உண்டாக்கித் தருபவர்களும் உண்டு, அன்பால்தான். வில்லுப்பாட்டு, கணியான் கூத்துக் கலைஞர்களிடம் கேட்டவற்றைத் தனியாக வையுங்கள். மேடையில் வரும் சொல் கோயில் கொடைத் திருவிழாவுக்கு உரியது, அன்றாடத்தில் இல்லாமலும் இருக்கலாம். ஆனால் அவர்கள் தங்கள் கருவிகளைப் பற்றித் தங்களுக்குள் பேசுவது நேரடித் தொழில்மொழி. அதை விட்டுவிடக் கூடாது.

அகராதியைக் கடைசியில்தான் திறக்க வேண்டும். முன்னாலேயே பார்த்துவிட்டால் கேள்வி கேட்கும்போது அந்தச் சொல்லை எதிர்பார்க்கத் தொடங்குவீர்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது, பின்னர் ஒரு துணைத்தொகுதியும் வந்தது. அதில் பல சொற்களுக்குப் பக்கத்தில் ஆங்கிலச் சுருக்கக் குறி இருக்கும்: ‘லோக்’ என்றால் வட்டார வழக்கு, ‘டின்’ என்றால் திருநெல்வேலி வழக்கு, ‘நாஞ்’ என்றால் நாஞ்சில் நாடு. ஏறக்குறைய நூறாண்டுக்கு முன் ‘டின்’ என்று குறித்த சொல் இன்றும் அதே பொருளில் உங்கள் ஊரில் வழங்குகிறதா என்று பார்ப்பது தனியாகவே ஒரு நல்ல ஆய்வு. பிற திராவிட மொழிகளில் உறவுச்சொல் உண்டா என்று அறிய பர்ரோ, எமனோ தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதியின் 1984ஆம் ஆண்டு இரண்டாம் பதிப்பைப் பாருங்கள். இரண்டையும் சிகாகோ பல்கலைக்கழகத்தின் இணையத்தளத்தில் இலவசமாகத் தேடலாம். அங்கே இல்லாத சொல்லுக்கு நீங்களாக வேர் கட்டாதீர்கள். ‘வேர் தெரியவில்லை’ என்று எழுதுவது முழுக்க மதிப்பான பதிவு.

ஒலிக்கோப்புகளை இரண்டு வன்தட்டுகளில், இரண்டு வெவ்வேறு வீடுகளில் வையுங்கள். அச்சடித்த சொற்பட்டியலில் ஒரு படியை அந்த ஊர் நூலகத்துக்கும் பள்ளிக்கும் கொடுங்கள். வலப்பக்கம் ஒரு வெற்றுப்பத்தி விட்டு அச்சடித்தால், படித்தவர்கள் விடுபட்ட சொற்களை அதில் எழுதித் தருவார்கள். இரண்டாம் சுற்றுக்கு அங்கிருந்தே தொடங்கலாம்.